பூசையில் இருந்த ஸ்பேனர்

ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வலது கணுக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவுக்கு. குதிகால் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. மண்ணெண்ணெய் வாசம். துரு உதிரும் சத்தம்.

"அத்தான், அந்தச் சுத்தியல இங்கன தள்ளுங்க. கால்ல போட்டுறாதிய."

உங்கள் தாய்மாமன் மாடசாமியின் பாதங்கள் அவை.

உலகு, போன மாதம் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதும்போது நீ கேட்டாய், "அப்பா, தாய்மாமன்னு போடுற எடத்துல யாரு பேரு?" என்று. உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சங்கரு, நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அந்த முகமே ஞாபகம் இருக்காது.

இத்தனை வாரமாக இந்த வார இதழின் பக்கத்தில் மழை, யானை, மலைப்பாதை, நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்த கதை என்று எதை எதையோ எழுதினேன். இதை எழுதப் பயந்துதான் அதையெல்லாம் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது.

வயிறு இடித்த வண்டி

நம் ஜீப் எனக்கு வந்தபோதே கிழடு. கதவு கிடையாது. மழைக்குத் தார்ப்பாய்தான். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். அதை நம்பித்தான் வடகரை தாண்டி மேக்கரைக்கு மேலே இருந்த எஸ்டேட்டுக்கு உர மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு மழைக்கும் சக்கரம் போகிற இரண்டு தடமும் அரித்து இறங்கும். நடுவில் இருக்கிற மேடு மட்டும் அப்படியே நிற்கும். ஜீப்பின் வயிறு அந்த மேட்டில் இடித்து இடித்துப் போகும். பின் அச்சுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை உண்டு. அது கல்லில் மோதும்போதெல்லாம் என் பல்லில் அடித்த மாதிரி இருக்கும்.

மானேஜர் ஒருநாள் சொல்லிவிட்டார். "பாதி வழியில நிக்கிற வண்டி எனக்கு வேண்டாம். எல்லா நாளும் ஏறுற வண்டி வேணும். உம்ம வண்டி ஏறலைன்னா சொல்லும், வேற ஆள் காத்துட்டு இருக்கான்."

வேறு ஆள் என்றால் செங்கோட்டைக்காரன் ஒருவன். அவன் ஜீப் உயரமாக நிற்கும். டீக்கடையில் என் வண்டியைப் பார்த்து, "என்னவே, வாத்து முட்டை போட உக்காந்த மாதிரி நிக்கி?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

மாடசாமி பட்டறை அப்போது இலஞ்சி ரோட்டில் இருந்தது. தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு தென்னை, அவ்வளவுதான். வண்டியை விட்டதும் குனிந்து பார்த்தான்.

"பட்டை வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கணும் அத்தான். ஒங்களுது கட்டில் சட்டம் மாதிரி கெடக்கு. மாத்திருவோம்."

பட்டை என்று அவன் சொன்னது ஸ்பிரிங் பட்டையை. வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்திருப்பார்கள். அந்த அடுக்கைச் சக்கரத்தின் அச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது, லாடம் மாதிரி வளைந்த யூ போல்ட். வண்டியின் முழுப் பாரமும் அதில்தான். வளைவு கூடின பட்டையைப் போட்டால் வண்டி நாலு விரல் உயரும். மேடு இடிக்காது.

செங்கோட்டை காயலான் கடையில் பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பட்டைகளை அவனே தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கினான். ஒன்றைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது உள்ள வெடிச்சிருக்கு, வேண்டாம்" என்று எறிந்தான். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது.

முறுக்கினது பாதி

இரண்டு நாள் வேலை. பழைய யூ போல்ட்டுகள் துருவேறிக் கழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் வராமல், கடைசியில் அறுத்தான். புதுப் பட்டையை ஏற்றியதும் அச்சு கீழே தள்ளிப் போய்விட்டது. பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் விறைத்து நின்றது.

"இது பத்தாது. நீளமா ஒண்ணு வாங்கியாங்க."

"எட்டுதுல்லாலே. இழுத்து மாட்டு."

"ஒங்க வேட்டியா இழுத்துக் கட்டுறதுக்கு? பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா அறுந்துரும். அப்புறம் பிரேக்குக்கு எங்கன போவிய?"

தென்காசிக்குப் போய் வாங்கி வந்தேன். வேலையில் அவன் அப்படிப்பட்ட ஆள். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊர் அவனைப் பற்றிச் சொன்னது வேறு.

ஜாக்கியை இறக்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகு, நட்டுகளைக் கடைசியாக முறுக்கினான். நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"இப்ப முறுக்குனது பாதி வேலதான் அத்தான். பட்டை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு இன்னும் உக்காரல. ஒரு பாரம் ஏத்தி, ஒரு தடவ மேல போயிட்டு வாங்க. உக்காந்ததும் நட்டு தளரும். மறுபடி முறுக்கணும். முறுக்காம ஆள ஏத்தாதிய."

"சரிலே" என்றேன்.

ஐந்தருவியில் ஒரு தோள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். அவன் பட்டறைப் பேச்சு மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதாது.

உலகு, நீ ரொம்பச் சின்னவள். குற்றாலத்தில் சாரல் காலம். வெளியூர்க்கூட்டம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வரிசை கட்டி நிற்கும். ஜீப் ஓட்டுகிற எனக்கு அந்த இரண்டு மாதமும் குளிக்கிறவர்களைக் கொண்டுவிடுவதுதான் வேலை. என் பிள்ளையைக் குளிக்கக் கூட்டிப் போக நேரம் இருந்ததில்லை. மாடசாமிதான் பட்டறையை அடைத்துவிட்டு உன்னை ஐந்தருவிக்குக் கூட்டிப் போவான். தோளில் உட்கார வைத்து, தண்ணீர் உன் தலையில் நேராக விழாமல் தன் உள்ளங்கையைக் கூரை மாதிரி பிடிப்பான். நீ அவன் முடியைப் பிடித்துக்கொண்டு கத்துவாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஏசுவாள். "பிள்ளைக்குச் சளி பிடிச்சா நீயாலே ராத்திரி பூரா முழிப்ப?" அவன் சிரித்துக்கொண்டே, "நீ தூங்குக்கா, நான் முழிக்கேன்" என்பான்.

உன் காது குத்தின அன்று அவன் மடியில்தான் உட்கார்ந்தாய். நீ அழுதாய். அவனும் அழுதான். கிண்டல் பண்ணாத ஆளில்லை.

பொரி மூட்டையும் பூசணிக்காயும்

பட்டை மாற்றின மறுநாள் உர மூட்டை ஏற்றி மேலே போய் வந்தேன். வண்டி மேட்டைத் தொடவே இல்லை. டீக்கடையில் செங்கோட்டைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான், வாத்துக் கிண்டல் வரவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அதற்கு மறுநாள் ஆயுத பூசை.

காலையில் ஜீப்பைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் இடது பக்கம் 'டொக்' என்றது. அடுத்த திருப்பத்திலும் 'டொக்'.

நேராகப் பட்டறைக்குப் போனேன். பூசை முடிந்து சூடம் அணைந்த வாசம். தரையில் வாழையிலை போட்டு, ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் பொட்டு. அன்றைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊரில் எந்தப் பட்டறையும் அன்று திறக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் புத்தகத்தைத் தொடாது. நீங்களும் அதை ஒரு சாக்காக வைத்திருந்தீர்கள்.

சத்தத்தைச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை.

"நான் சொன்னேன்லா, தளரும்னு. வண்டிய நெழலுக்கு விடுங்க. எடுக்கேன்."

குனிந்து பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான். குங்குமம் அவன் விரலில் ஒட்டியது.

"ஏலே, வை அத!" என்று கத்தினேன். "சாமிக்கு வச்சத எடுத்து என் வண்டியில கை வைக்காத. வெளங்குமா? நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"சாமி கோவிச்சுக்கிடாது அத்தான். பட்டைதான் கோவிச்சுக்கிடும். பத்து நிமிசம்."

"வைன்னா வை."

வைத்தான். வைத்துவிட்டு, "அப்ப வண்டிய வீட்டுல நிப்பாட்டுங்க. இன்னிக்கு ஆள ஏத்தாதிய" என்றான்.

"எனக்குத் தெரியாதாலே" என்று கிளம்பிவிட்டேன்.

பக்தியால்தான் தடுத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் பக்தி. மீதி, மானேஜர் பொரி மூட்டையோடு வடகரையில் காத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் பதினோரு மணிக்குப் பூசை. பத்து நிமிடம் தாமதித்தால் செங்கோட்டைக்காரனுக்குப் போன் போகும்.

மானேஜர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் பொரி மூட்டை, உடைக்கிறதுக்குப் பூசணிக்காய். கங்காணி அருணாசலம் அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்படியில் நின்றார்.

"வண்டி என்ன, தேர் மாதிரி இருக்கு!" என்றார்.

மூன்றாவது திருப்பத்தில், பாறை ஏறும்போது, 'படார்' என்றது. பட்டையின் நடு போல்ட் முறிந்து, பின் அச்சு இடது பக்கம் நகர்ந்துவிட்டது. ஸ்டியரிங் என் கையில் இருந்தது, வண்டி என் கையில் இல்லை. பின்பக்கம் பள்ளத்தில் சரிந்து பாறையோடு சாய்ந்தது.

செம்மண் எங்கும் பொரி, மல்லிகைப்பூ கொட்டினது மாதிரி. பூசணிக்காய் உருண்டு உடைந்து, உள்ளே தடவி வைத்திருந்த குங்குமம் சிதறிக் கிடந்தது. அதை ரத்தம் என்று நினைத்துப் பதறி ஓடினேன். அப்புறம் நிஜ ரத்தத்தைப் பார்த்தேன். ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவில் அருணாசலம் அண்ணாச்சியின் கால் இருந்தது.

மூன்று வார்த்தைகூட இல்லை

அண்ணாச்சியைச் செங்கோட்டைக்காரன்தான் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவர் தலையைத் தன் ஆள் ஒருவன் மடியில் வைத்து, மெதுவாக ஓட்டிப் போனானாம். அவனை நான் எத்தனை திட்டியிருப்பேன்.

விஷயம் கேட்டு மாடசாமி மோட்டார் சைக்கிளில் வந்தான். நெற்றியில் காலையில் வைத்த திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. கையில் அந்த ஸ்பேனர். இப்போது எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

ஜீப்புக்கு அடியில் போனான். பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. மற்ற பக்கத்து யூ போல்ட் நட்டை அவன் ஸ்பேனர் போடாமல் விரலாலேயே திருகினான். அது திரும்பியது. அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

வெளியே வந்தான். மானேஜர் கேட்டார், "யார் பண்ணின வேலை இது?"

"இவன்தான் சார் பட்டை மாத்துனான்" என்றேன்.

மாடசாமி என்னைப் பார்த்தான். கோபமாகப் பேசவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னான். "காலையில சொன்னேன்லா அத்தான், முறுக்கிட்டுப் போங்கன்னு. ஸ்பேனர எடுத்தேன்லா."

பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மானேஜர் என் வாயைப் பார்த்தார்.

"எப்பலே சொன்ன?" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று வார்த்தைகூட இல்லை.

பட்டறையில் அன்று காலை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது. அவன் சத்தியம் பண்ணவில்லை, சண்டைக்கு வரவில்லை. ஸ்பேனரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பொரியை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனான்.

காலியாகக் கிடந்த மடி

ஊர் பேச ஆரம்பித்தது. "மாடசாமி பட்டை போட்டா பள்ளம்தான்" என்று டீக்கடையில் சொன்னார்கள். ஒரு ஜீப்பும் அவன் பட்டறைக்குப் போகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தேன்.

உன் அம்மா தன் தம்பியை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "எம் புருசன் செத்திருந்தா நீயாலே பதில் சொல்லுவ? ஒழுங்கா முறுக்கத் துப்பில்ல, பழிய அவுக மேல போடுத. இனி இந்தப் படி ஏறாத." நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். எனக்கு அன்று காய்ச்சல் என்று பெயர்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடுத்த சாரல் வருவதற்குள் பட்டறையை மூடிவிட்டு, ரயில் ஏறிக் கேரளத்துப் புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான்.

சங்கரு, உன் காது குத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தத்தில் ஒருவரைப் பிடித்து மடியில் உட்கார வைத்தோம். நீ அந்த ஆளைப் பார்த்ததும் வீறிட்டாய். உலகு, நீ பெரியவளானபோது உன்னைத் தனியே உட்கார வைக்க ஓலைக் குச்சு கட்ட மாமன் வரவில்லை. தென்னை ஓலையை நான்தான் கட்டினேன். "அப்பன் கட்டுற வழக்கம் எங்கன உண்டு?" என்று ஒரு கிழவி கேட்டாள். "மாமன்காரன் சரியில்லை" என்று சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

அருணாசலம் அண்ணாச்சி இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். என்னைப் பார்த்தால், "நீ என்னப்பா பண்ணுவ, மெக்கானிக் சரியில்ல" என்பார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துச் சரிசெய்தேன். அதே பட்டைகள்தான் இன்றும் இருக்கின்றன. மாடசாமி தட்டிக் கேட்டுப் பொறுக்கின பட்டைகளில் ஒன்றுகூட இதுவரை வெடிக்கவில்லை. குற்றாலத்தில் சாரலுக்கு வருகிற பையன்கள் உயரமான ஜீப் என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். "சூப்பரா தூக்கியிருக்கீங்க அங்கிள், யார் பண்ணினது?" என்று ஒருவன் கேட்டான். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

புனலூர்

நீ பத்திரிகையைப் பற்றிக் கேட்ட மறுவாரம், உங்களிடம் சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு புனலூர் போனேன். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு லாரிக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. தழும்பு அதே இடத்தில். குதிகால் வெடிப்பு மட்டும் கூடியிருந்தது.

"மாடசாமி" என்றேன்.

வெளியே வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்.

"வாங்க அண்ணாச்சி" என்றான்.

வருகிற கிராக்கி எல்லாரையும் கூப்பிடுகிற அண்ணாச்சி. அத்தான் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் ஜீப்புக்கு அடியில் போய்விட்டான். நாலு சக்கரத்திலும் நட்டுகளைப் பார்த்தான். ஒன்றில் கால் சுற்று முறுக்கினான். எழுந்து வந்து, "இது தளர்ந்திருந்துச்சு. ஓட்டிட்டு மறுபடி பாக்கணும். அங்கன யாருகிட்டயாவது காட்டிக்கிடுங்க. இங்கன கொண்டாராதிய" என்றான்.

பத்திரிகையின் மாதிரி அச்சை நீட்டினேன். தாய்மாமன் இடம் வெறுமையாக இருந்தது. அவன் கை கிரீசாக இருந்தது. வாங்கவில்லை, எட்டி நின்றே படித்தான். உன் பெயர் வந்த இடத்தில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"அக்காகிட்ட சொல்லிட்டியளா?" என்று கேட்டான்.

"எதலே?"

"எதன்னு கேக்கியளே."

நான் தலை குனிந்தேன். "இல்ல" என்றேன்.

"அப்ப இதக் கொண்டு போங்க" என்று லாரிக்கு அடியில் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் உங்கள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். பட்டறை, வாழையிலை, 'டொக்', எல்லாம். அவள் கை நிற்கவில்லை. இலையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அவன் ஸ்பேனர எடுத்துட்டானா?"

"எடுத்துட்டான்."

"நீங்க வைக்கச் சொன்னியளா?"

"ஆமா, வடிவு."

"அன்னிக்கு வாசல்ல நான் அவன ஏசுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அப்புறம் எழுந்தாள். கீரையைக் கழுவி அடுப்பில் வைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இந்த வாரம் இதைத்தான் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்க. அருணாசலம் அண்ணாச்சி வீட்டுக்கும் அந்தப் புத்தகம் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள்.

அடுத்த நாள் காலையில் தனியாகச் செங்கோட்டை போய் ரயில் ஏறினாள். நான் வாசல் வரைக்கும்தான் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. சேலை முந்தானையில் கிரீஸ் கறை.

"வருவானா?" என்று கேட்டேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எந் தம்பி வருவான். ஒங்க மச்சினன் வரமாட்டான்."

உலகு, அச்சாபீசில் மாமன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். மேடையில் அவன் உன் பக்கத்தில் வந்து நிற்கும்போது, போட்டோவுக்கு என்னைக் கூப்பிடாதே தாயி. நான் பந்தியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.